பெரட்டில் மறுபடியும் பெயர் கூப்பிட வைத்தவர்

போன செவ்வாய்க்கிழமை காலை, ஹட்டன் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் காதர் நானா எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, ஏறி வந்தார். அவருக்கு மூட்டுவலி. தீபாவளிக்குக்கூடத் துணி மூட்டையை ஆளிடம் கொடுத்துத்தான் மேலே அனுப்புவார். அவரே மூச்சு வாங்கப் படியேறி வருவதைக் கண்டதும் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"மாரிமுத்தண்ணே, மொதல்ல குந்துங்க."

"நடந்து வந்தது நீங்க. நீங்க குந்துங்க நானா."

"மிஸ்ஸி மௌத்தாகிட்டாங்க. நேத்துப் பின்னேரம். பட்டிப்பொலயில தங்கச்சி வீட்டுல. நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தவங்களாம், எந்திரிக்கல்ல."

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரித் தாதியை மிஸ்ஸி என்போம். எத்தனையோ மிஸ்ஸிமார் வந்தார்கள், போனார்கள். ஆனால் பேர் சேர்க்காமல் வெறும் மிஸ்ஸி என்று சொன்னால் அது அன்னபாக்கியம் மிஸ்ஸி ஒருவரைத்தான் குறிக்கும். நானாவுக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றினேன். பிறகு அவர், "எந்த ரயில்ல போறோம்?" என்று கேட்டார். போகிறோமா என்று கேட்கவில்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகன் எழுதுகிறார். அவர் எழுதுவது நல்ல தமிழ். பேசியவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மிஸ்ஸி பேசியதைத் திருத்த எனக்கும் உரிமை இல்லை, அவருக்கும் இல்லை.

வெள்ளைக்காரன் கொடி இறங்கிய வருடத்து மழைக்காலத்தில் மிஸ்ஸி எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். சுற்றியுள்ள நாலைந்து தோட்டங்களுக்கும் அது ஒன்றுதான் ஆஸ்பத்திரி. பன்னிரண்டு கட்டில். நான் அங்கே வார்டு ஆள். கூட்டுவது, துடைப்பது, நோயாளியைத் தூக்குவது, செத்தவரைக் கழுவுவது எல்லாம் என் வேலை. சாக்குக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு, ஆம்பிளைகள் போடும் ரப்பர் சப்பாத்தோடு சேற்றில் நடந்து வந்த அந்த அம்மாளை நான் கொழுந்து எடுக்கிற பெண் என்றே நினைத்து, "மருந்து குடுக்கிற நேரம் முடிஞ்சிருச்சு, நாளைக்கு வா," என்று திருப்பி அனுப்பப் பார்த்தேன்.

"நாளைக்கும் வருவேண்ணே. நாளன்னைக்கும் வருவேன். என்னைய இங்கதான் வேலைக்குப் போட்டிருக்காங்க," என்றார்.

தோட்டத்தில் பிறந்த பிள்ளை அவர். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கொழும்பில் தாதி வேலை பழகி, மலைக்கே திரும்பி வந்தவர். கோபக்காரர். வார்டு வாசலில் வெற்றிலை துப்பினால் துப்பியவரையே கழுவ வைப்பார். பாட வராது, ஆனால் காயத்துக்குக் கட்டுப் போடும்போது விடாமல் பாடுவார். வலியைவிட அந்தப் பாட்டைத் தாங்குவதுதான் கஷ்டம் என்று நோயாளிகள் சிரிப்பார்கள்.

அந்தக் காலத்தில், உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்துப் பிழைத்தவர்களை எங்கள் ஆஸ்பத்திரி எப்படி நடத்தியது என்பதைச் சொல்லாவிட்டால் மிஸ்ஸி செய்தது என்னவென்று இன்றைக்கு யாருக்கும் விளங்காது. கக்கூஸ் பக்கத்தில் கடைசிக் கட்டில்தான் அவர்களுக்கு. சட்டப்படி அது குற்றம் என்பதால் முதலில் பார்க்க வருகிறவர் கான்ஸ்டபிள். அடுத்து வருகிற சொந்தக்காரர்கள் திட்டுவார்கள். மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயாவும் திட்டிக்கொண்டேதான் கொடுப்பார். ஜன்னலில் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் நிற்கும். நானும் திட்டியிருக்கிறேன். "சாகவும் தெரியல, பொழைக்கவும் தெரியல" என்று ஒரு கிழவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முதுகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மிஸ்ஸி வந்த இரண்டாவது வாரம் கவ்வாத்துக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வழக்கம்போல நான் கடைசிக் கட்டிலைத் தட்டிப் போட்டேன்.

"அங்க இல்லண்ணே. என் மேசைக்குப் பக்கத்துல போடுங்க."

"இது போலீஸ் கேஸு மிஸ்ஸி."

"போலீஸ் வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் இவரு நோயாளி. ஆக உடம்புக்கு முடியாதவங்கதானே மேசைக்குப் பக்கத்துல இருக்கணும்? இவர விட முடியாதவரு யாரு இருக்காங்க இங்க?"

அன்றிலிருந்து சில வழக்கங்கள் வந்தன. கட்டில் பக்கத்தில் யாரும் குரலை உயர்த்தக் கூடாது. மூன்று நாளைக்கு ஏன் என்று எவரும் கேட்கக் கூடாது. "கஞ்சி வேணுமான்னு கேளுங்க. தூக்கம் வந்துச்சான்னு கேளுங்க. மிச்சத்த நான் கேட்டுக்கிறேன்" என்பார். அவர் கேட்கிற விதமே தனி. நாங்களெல்லாம் அந்தப் பேச்சை எடுத்தாலே ஆகாது என்று பயப்படுவோம். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இன்னமும் அந்த நெனப்பு வருதா?" என்று நேராகவே கேட்பார். வருகிறது என்று சொன்னால் எழுந்து போகமாட்டார். அந்தக் கவ்வாத்துக்காரர் அழுதது அப்போதுதான். அழுது முடித்து, இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களக் கான்ஸ்டபிள் ஒருவர் வாக்குமூலம் எடுக்க வருவார். மிஸ்ஸி வாசலிலேயே நிறுத்தி, "மாத்தயா, தென் பே. லெடா நிதி," என்பார். இப்போது முடியாது, நோயாளி தூங்குகிறார் என்று. பிறகு நாற்காலி போட்டுத் தேத்தண்ணி கொடுப்பார். நாளாக ஆக அந்தக் கான்ஸ்டபிளே தொப்பியைக் கழற்றிவிட்டு மெல்ல உள்ளே வரப் பழகினார்.

இனி மீனாச்சியின் கதை. இதில் பிழை என்னுடையது. அதையும் எழுதச் சொல்கிறேன்.

மீனாச்சி கொழுந்து எடுக்கிற பெண். அப்போது இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். சின்னையா என்பவரின் ஒரே மகள். ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் நினைவில்லாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என்ன காரணம் என்பதை நான் சொல்லமாட்டேன். அது அவளுடையது.

மிஸ்ஸியும் டிஸ்பென்சர் ஐயாவும் உச்சிப்பொழுது வரை அவளைவிட்டு நகரவில்லை. என்னைத் தண்ணீர் காய்ச்ச அனுப்பினார்கள். வாளியோடு திரும்பி வந்தபோது மீனாச்சியின் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் துணி மறைப்பு நின்றது. எங்கள் ஆஸ்பத்திரியில் மறைப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யாராவது கண்ணை மூடினால்தான் அதை எடுப்போம். எத்தனையோ முறை நானே தூக்கிப்போய் வைத்திருக்கிறேன். வாளியை அங்கேயே வைத்தேன். வாசலில் சின்னையாவின் தம்பி காத்து நின்றார்.

"என்னண்ணே ஆச்சு?"

"போயிருச்சுப்பா," என்றேன்.

அவர் ஓடினார். தகப்பன் பார்க்குமுன் அந்தப் பிள்ளையைத் தொட எனக்கு மனம் வரவில்லை, சாயங்காலம் வரை மறைப்புப் பக்கம் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் லயத்துப் பக்கமிருந்து சாவுத் தப்பு கேட்டது. எங்கள் தோட்டத்தில் வேலைக்கு எழுப்புவதும் தப்பு மேளம்தான், சாவைச் சொல்வதும் தப்பு மேளம்தான். அடி வேறு. அந்த அடி கேட்டால் கூடையை இறக்கிவிட்டு எல்லாரும் இறங்கிவிடுவார்கள். அன்றும் மலை காலியானது. குழி வெட்டினார்கள். கணக்கப்பிள்ளை மீனாச்சியின் பெயரைச் செக்ரோலில் அடித்துவிட்டார். வேலைக்காரர்களின் பெயர்ப் புத்தகம் அதுதான். அதில் பெயர் இருந்தால்தான் வேலை, அரிசி, இருக்க லயத்துக் காம்பரா எல்லாம்.

சாயங்காலம் சின்னையா பாடையோடும் கோடித் துணியோடும் மகளை வாங்க வந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பேர். மிஸ்ஸி வாசலுக்கு வந்து பாடையைப் பார்த்தார்.

"யாருக்கு இது?"

"எம் மவளுக்குத்தான் மிஸ்ஸி." சின்னையா கோடித் துணியை நீட்டினார்.

மிஸ்ஸி அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் மறைப்பை ஒதுக்கினார். மீனாச்சி கண் திறந்து படுத்திருந்தாள். "அப்பா," என்றாள். சின்னையா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாடை தூக்கி வந்தவர்களில் இரண்டு பேர் ரோட்டில் இறங்கி ஓடியதை நான் பார்த்தேன்.

மறைப்பு எதற்கு வைத்தார் தெரியுமா? ஜன்னல் கூட்டம் அவளைப் பார்க்காமல் இருப்பதற்கு. அவ்வளவுதான். கூட்டம் கலைந்த பிறகு நான் மிஸ்ஸி முன்னால் போய் நின்றேன். நிச்சயம் திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"உங்களக் கோவிச்சு என்னாண்ணே செய்ய? உசுரோட இருக்கிற மனுசருக்கு இந்த ஆஸ்பத்திரியில யாரும் மறைப்பு வச்சதே இல்ல. நீங்க எங்க கண்டீங்க?" என்றார். பிறகு, "ஆனா செத்துட்டான்னு சொன்ன வாய் உங்க வாய். பொழைச்சிருக்கான்னு சொல்லவும் அதே வாய்தான் வரணும். கூப்பிடறப்ப வாங்க."

பத்து நாளில் மீனாச்சி எழுந்து நடந்தாள். ஆனால் போவதற்கு இடமில்லை. காலிக் குழி இன்னோர் ஆளைக் கேட்கும் என்று பயந்து அதில் வாழைத்தண்டைப் புதைத்திருந்தார்கள். சாவுத் தப்பு அடிக்கப்பட்டவள் பக்கத்தில் நின்று கொழுந்து எடுத்தால் தங்களுக்கு ஆகாது என்று பெண்கள் சொன்னார்கள். செத்தவள் பேரை எப்படிக் கூப்பிடுவது என்றார் கணக்கப்பிள்ளை. தகப்பன் மட்டும் தினமும் வந்து கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

ஒரு மத்தியானம் நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். மீனாச்சி மிஸ்ஸியிடம் சொன்னது காதில் விழுந்தது. "பேரையே அடிச்சிட்டாங்க மிஸ்ஸி. நான் எங்க போறது? மறுபடியும் அந்த நெனப்புதான் வருது."

"சொன்னியே, அது நல்லது," என்றார் மிஸ்ஸி. "எப்ப வந்தாலும் சொல்லு. பேர நான் வாங்கித் தர்றேன்."

அன்றைக்கே தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரையின் ஆபீசுக்குப் போனார். நான் வெளியே நின்றேன். உள்ளே இங்கிலீசில் பேச்சு நடந்தது. மிஸ்ஸியின் குரல்தான் அதிகம் கேட்டது. வெளியே வந்து சொன்னார். அவளை வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிடலாம் என்றாராம் தொரை. மிஸ்ஸி மறுத்துவிட்டார். தப்பு அடித்த ஊரில்தான் அவள் பேரைக் கூப்பிட வேண்டும், எல்லார் முன்னாலும், வேலைக்கு ஆளெடுக்கும் காலைப் பெரட்டில் என்று நின்றாராம். கடைசியில் தொரை ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்திருக்கிறார். பக்கத்து நிரையில், அடுத்த செடி வரிசையில், நின்று கொழுந்து எடுக்க ஒரே ஓர் ஆள் சம்மதித்தாலும் போதும், பெயரைத் திரும்ப எழுதலாம். ஒருவரும் சம்மதிக்காவிட்டால் அவள் போய்விட வேண்டும்.

"ஒரு ஆளு வருமா மிஸ்ஸி?" என்று கேட்டேன்.

"தெரியாதுண்ணே," என்றார். அவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் விடியும்போது மிஸ்ஸியும் மீனாச்சியும் நானும் பெரட்டுக் களத்துக்கு நடந்தோம். நல்ல பனி. வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் வரிசையில் நின்றார்கள், எதிரில் தொரையும் கணக்கப்பிள்ளையும். எங்களைக் கண்டதும் வரிசை பின்னால் நகர்ந்தது. ராமையா கங்காணி, கொழுந்துக்காரர்களை மேய்க்கிறவர், முதலில் வாயைத் திறந்தார்.

"என்னா மிஸ்ஸி, பேயக் கூட்டிக்கிட்டு வந்திருக்கீங்க?"

"பேயா இருந்தா உங்களுக்கு வசதிதானே கங்காணி. மழைக்கு ஒதுங்காது, அட்டைக்குப் பயப்படாது, உங்க வாய்க்கும் பயப்படாது."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். மிஸ்ஸி என்னைப் பார்த்தார். களத்தின் நடுவில் போய் நின்றேன். "செத்துருச்சுன்னு சொன்னது நான்தான். மறைப்பப் பார்த்துச் சொன்னேன், ஆளப் பார்த்துச் சொல்லல. இந்தப் புள்ள சாகவே இல்ல. நீங்க அடிச்ச தப்பு என் வாயால அடிச்சது. கோவம் இருந்தா என்னையச் சொல்லுங்க," என்றேன்.

"யாரு இவ பக்கத்து நிரைக்கு வர்றீங்க?" என்று மிஸ்ஸி கேட்டார்.

ஒருவரும் அசையவில்லை. தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மீனாச்சி என் பின்னால் நின்றாள். அவள் மூச்சு எனக்குக் கேட்டது. இந்தப் பிள்ளை இப்போது திரும்பி நடந்தால் எந்தப் பக்கம் நடப்பாள் என்று நினைத்தேன்.

முன்வரிசையிலிருந்து பார்வதி வந்தாள். நாலு பிள்ளைக்காரி. கொழுந்தில் அவளை மிஞ்ச அந்தத் தோட்டத்தில் ஆள் கிடையாது. வாயிலும் கிடையாது.

"எனக்குக் குடுங்க அந்த நிரைய," என்றாள். புருசன் பின்னாலிருந்து ஏதோ முனகினார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மழைக்காலத்துல நான் ஒரு வாரம் காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில கெடந்தேனே, ஞாபகம் இருக்கா எல்லாருக்கும்? காய்ச்சல் இல்ல அது. இவ செஞ்சததான் நானும் செஞ்சேன். மிஸ்ஸி மேசைக்குப் பக்கத்துக் கட்டில்லதான் கெடந்தேன். இத்தன நாளா எம் பக்கத்துல நின்னு கொழுந்து எடுத்தீங்களே, யாருக்கு என்னா ஆச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்குக் கஞ்சி கொடுத்தவன் நான். எனக்கே தெரியாது. மிஸ்ஸி ஒருநாளும் மூச்சு விட்டதில்லை. அன்றும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் நேராகவே நின்றார்.

தொரை தலையை ஆட்டினார். கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமி, பேனாவை எடுத்து எழுதினார். பிறகு கூப்பிட்டார்.

"மீனாச்சி."

"இருக்கேங்கய்யா."

எதிர்மலை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். சின்னையா தலைத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தப்பு அடிக்கிறவர் என்ன நினைத்தாரோ, யாரும் சொல்லாமலேயே மேளத்தை எடுத்து வேலைக்குக் கிளம்புகிற அடியை அடித்தார். பெண்கள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறினார்கள். மீனாச்சி நடுவில் போனாள்.

"கங்காணி," என்று மிஸ்ஸி கூப்பிட்டார். "சாயங்காலம் பேயோட கொழுந்த நல்லா நிறுத்துப் போடுங்க."

அதன்பின் அது எங்கள் ஆஸ்பத்திரியின் முறையே ஆகிவிட்டது. குணமானவரைத் தனியாக அனுப்புவதில்லை. முதல் பெரட்டுக்கு மிஸ்ஸியோ நானோ கூடப் போவோம். பக்கத்து நிரைக்கு ஓர் ஆளை முன்கூட்டியே பேசி வைப்போம். ஞாயிற்றுக்கிழமை மிஸ்ஸி லயத்துக்கே போய்ப் பார்ப்பார். மறைப்புத் துணி போதவில்லை என்று காதர் நானாவிடம் கேட்டபோது, அவர் பூப்போட்ட சீத்தையைக் கொடுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பூத்துணியா என்று டிஸ்பென்சர் ஐயா முகத்தைச் சுளித்தார். "செத்தவங்களுக்குப் பச்சை. உசுரோட இருக்கிறவங்களுக்குப் பூ. இனிமே மாரிமுத்தண்ணனுக்குக் குழப்பம் வராது," என்றார் மிஸ்ஸி. அதே டிஸ்பென்சர் ஐயாதான் பிறகு வேறு தோட்டத்து ஐயாமாரைக் கூட்டிவந்து, எங்கள் முறையைப் பெருமையாகக் காட்டியவர். தோட்டத்து விஷ மருந்துகள் இருந்த அறைக்கு இரண்டு பூட்டுப் போட்டு, சாவியை இரண்டு பேரிடம் கொடுக்க வைத்ததும் மிஸ்ஸிதான். அதற்குத் தொரையோடு ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டார். ஜெயித்தார்.

எல்லாரையும் காப்பாற்றினார் என்று நான் சொன்னால் அவரே கோபித்துக்கொள்வார். கைவிட்டுப் போனவர்களும் உண்டு. அந்த நாட்களில் கட்டுப் போடும்போது பாடமாட்டார். ஆனால் மேசைப் பக்கத்துக் கட்டிலிலிருந்து எழுந்து நடந்து போனவர்கள் இன்றைக்கு எங்கள் மலைகளில் பிள்ளை குட்டியோடு இருக்கிறார்கள். பேர் சொல்லமாட்டேன். அவர்களுக்குத் தெரியும்.

பட்டிப்பொலயில் தங்கச்சி வீட்டார் இருபது பேர் வருவார்கள் என்று பார்த்திருந்தார்களாம். ஹட்டனிலிருந்து நாங்கள் போன ரயிலில் ஏறியவர்கள் ஒரு பெட்டி நிறைய. வழியில் ஸ்டேசனுக்கு ஸ்டேசன் ஏறியவர்கள் இன்னும் அதிகம். எல்லாரும் இறங்கி முடிகிற வரைக்கும் கார்டு கொடியைக் காட்டாமல் நின்றார். ஓய்வு பெற்றுப்போன அந்தக் கான்ஸ்டபிளும் மகனைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். தங்கச்சி எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, "அக்கா இவ்வளவு பேருக்கும் என்னா செஞ்சாங்க?" என்று கேட்டார். காதர் நானாதான், "ஆஸ்பத்திரியில வேலை செஞ்சாங்க தங்கச்சி," என்றார்.

எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. மீனாச்சி வந்தாள். புருசனும் மூன்று பிள்ளைகளும் கூட வந்தார்கள். பார்வதியும் வந்தாள். தடுக்க வாயெடுத்த ஒரு பெரியவர் பார்வதியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கினார். தீ மூட்டும்வரை இரண்டு பேரும் முன்னால் நின்றார்கள்.

பின்னேர ரயிலுக்கு மீனாச்சி அவசரப்பட்டாள். "சாப்பிட்டுட்டுப் போவமே புள்ள," என்றேன்.

"இல்ல மாமா. ஆஸ்பத்திரியில மேசைக்குப் பக்கத்துக் கட்டில்ல ஒரு பொம்பளப் புள்ள இருக்கு. நாளைக்கு லயத்துக்கு அனுப்புறாங்க. விடிய நான் போய்ப் பெரட்டுக்குக் கூட்டிக்கிட்டு வரணும். வர்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

பிள்ளைகளை ஒவ்வொருவராக ஏற்றிவிட்டு, கடைசியாக அவள் ஏறினாள். ரயில் பனிக்குள் இறங்கிப் போனது.

மிஸ்ஸி, நீங்கள் படுத்துத் தூங்குங்கள். நாளைக் காலைப் பெரட்டுக்கு ஆள் போயாகிவிட்டது.